தொட்டுப் பார்த்த கல்

அவளுக்குத் தூறல் என்று பெயர் வைத்தவர்கள் சாரம் கட்டுகிறவர்கள். கரி பிடித்த கல் கட்டடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னால் சிலர் மணலை ஊதி அடிப்பார்கள், சிலர் அமிலத்தைத் தடவுவார்கள், அவசரக்காரர்கள் கம்பித் தூரிகையோடு மேலே ஏறிவிடுவார்கள். அவள் மெல்லிய குழாய்களில் ஊசிமுனைத் துளை போட்டு, சாரத்தில் வரிசையாகக் கட்டி, சுவரின் மேல் பனி மாதிரி தண்ணீர் விழச் செய்வாள். கொஞ்ச நேரம் விழும், நிறுத்துவாள், மறுபடி விழும். கல் நனைந்து, கரி ஊறி, பொருக்கு தானாகப் பிடியை விடும்வரை கை வைக்க மாட்டாள். அப்புறம் நார்த் தூரிகையால் நாலு இழுப்பு. கன்னங்கரேலென்று சாறு வடியும். அதன் பின்னாலிருந்து வெளிர் மஞ்சளாகக் கல் எட்டிப் பார்க்கும். "வேலையில தூறல், வாயில அடைமழை" என்று சாரக்காரர்கள் சொன்னதில் முதல் பாதி பெயராக நிலைத்துவிட்டது. இரண்டாவது பாதியை அவள் முன்னால் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நனைய வேண்டியிருக்கும்.

தொழிலை அவள் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில் பாத்திரம் கழுவினாள். அடிப்பிடித்த அண்டாக்களை முதலில் ஊறப்போட்டுவிட்டு மற்றவற்றைக் கழுவுவாள். கூட இருந்தவர்கள் தேய்த்துத் தேய்த்துத் தோள் இறங்கி உட்கார்ந்திருக்கும்போது அவளுடைய அண்டா ஒரு துடைப்பில் பளபளக்கும். பிறகு ஒரு பெயிண்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில், ஒரு பழைய வங்கியின் வாசல் தூண்கள் கறுத்துக் கிடந்தன. அவற்றுக்கு வெள்ளை அடிக்கத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவள் ஒரு ஈரச் சாக்கைத் தூணில் சுற்றிக் கட்டிவிட்டாள். மறுநாளும் போய் நனைத்தாள். அவிழ்த்தபோது பாதிக் கரி சாக்கோடு வந்தது. பெயிண்ட் வேண்டாம், இதையே செய்யுங்கள் என்று வங்கி மேலாளர் சொல்லிவிட்டார்.

"கட்டிக்கிட்டு வந்த மாசமே என் பொழப்புல மண்ணைப் போட்டவ இவ" என்று பெயிண்டர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

பெயிண்டரின் தங்கைதான் தூறலுக்கு வலது கை. சாரத்தில் நாத்தனாரைவிட வேகமாக ஏறுகிற ஆண்பிள்ளை அந்த வட்டாரத்தில் இல்லை. அண்ணியும் நாத்தனாரும் காலையில் ஏறும்போது ஆரம்பிக்கிற வாக்குவாதம் சாயங்காலம் இறங்கும்போதுதான் முடியும். கேட்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். அவர்களுக்கு அது மூச்சு விடுவது மாதிரி.

இந்தக் குழுவுக்குக் கிடைத்தவற்றிலேயே பெரிய வேலை, ரயில் பணிமனைக்குப் பக்கத்தில் இருந்த பொது நூலகத்தின் வாசிப்பு மண்டபம். முழு வட்டமான கட்டடம். சுவரை ஒட்டி அரைத்தூண்கள், இரண்டு தூண்களுக்கு நடுவே உயரமான ஒரு ஜன்னல். அப்படி ஒரு ஜன்னலும் அதைச் சுற்றிய சுவரும் ஒரு கட்டம் என்று அவர்கள் கணக்கு. நிலக்கரி இன்ஜின்கள் ஓடிய காலத்துப் புகையும், அதற்கப்புறம் வந்த பஸ்களின் புகையும் சேர்ந்து அந்தச் சுவர்மேல் தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி படிந்திருந்தன. தெருவுக்கு அந்தப் பக்கம் நீதிமன்றம். மூன்று மாடி, இதைவிடக் கறுப்பு. மண்டபம் ஒழுங்காக முடிந்தால் நீதிமன்றமும் உங்களுக்குத்தான் என்று இன்ஜினியர் அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். தூறல் அன்றைக்கே மனசுக்குள் நீதிமன்றத்துக்குக் குழாய் இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்ஜினியர் அம்மா விஷயம் தெரிந்தவர். அதிகம் பேசமாட்டார். "புதுசு மாதிரி ஆக்கிடாதீங்க. பழசுதான், ஆனா முகம் கழுவியிருக்கு. அது போதும்" என்றார். எவ்வளவு கழுவினால் போதும் என்று காட்ட ஒரு மாதிரிக் கல்லைச் சுத்தம் செய்யச் சொன்னார். தூறல் வாசலுக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்துக் கழுவினாள். இன்ஜினியர் அதைக் காய்ந்த பிறகு பார்த்து, சரி என்றார்.

"மரச்சட்டம் ஒண்ணு அடிச்சு மூடி வச்சிருங்க."

"எதுக்கு மேடம்? நாலு பேர் பார்க்கட்டுமே! பார்த்தாதானே நாம என்ன பண்றோம்னு தெரியும்?"

இன்ஜினியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. சட்டம் அடிக்கப்படவே இல்லை.

நாலு பேர் என்ன, ஊரே பார்த்தது. கறுப்புச் சுவரில் ஒரே ஒரு கல் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி இருந்தால் யார்தான் நிற்கமாட்டார்கள்? நிற்கிறவர்களைத் தூறல் விடமாட்டாள். "தொட்டுப் பாருங்க! சும்மா தொடுங்க, ஒண்ணும் ஆகாது. பட்டு மாதிரி இல்ல?" புத்தகம் எடுக்க வந்தவர்கள் தொட்டார்கள். ரயிலைப் பிடிக்க ஓடியவர்கள் நின்று தொட்டார்கள். நீதிமன்றத்துக்கு வந்த வக்கீல்கள் தெருவைக் கடந்து வந்து தொட்டார்கள். பழக்கமாகிப்போய், உள்ளே நுழையும்போது அந்தக் கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

சாரத்தின் மேல் நிற்கிறவர்களுக்கு அந்தக் கல் எட்டாதே? அதற்குப் பெயிண்டர் ஒரு வழி சொன்னான். மாதிரிக் கல்லைப் பார்த்து அச்சு அசலாக ஒரு நிறத்தைக் கலந்து, சின்னப் பலகையில் அடித்துக் கொடுத்தான். கட்டம் காய்ந்ததும் பலகையைச் சுவரோடு வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் நிறுத்து. இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தூறல். பலகை தண்ணீரிலும் கரிச்சாற்றிலும் ஊறிக் கெட்டுப்போகும். அப்போதெல்லாம் பெயிண்டர் வந்து, கல்லைக் கண்கொட்டாமல் பார்த்து, புதுப் பலகை அடித்துக் கொடுப்பான். அவன் கண்ணுக்குத் தப்பி ஒரு சாயல் போகாது. அதில் அவனுக்குக் கர்வம், அவன் பெண்டாட்டிக்கு அதைவிடக் கர்வம்.

சாரத்தையும் தார்ப்பாயையும் நகர்த்தி நகர்த்தி, வாசலின் இடதுபக்கம் ஆரம்பித்து, பணிமனைப் பக்கமாகப் போய், சுற்றிக்கொண்டு வாசலின் வலதுபக்கம் வந்து சேர்ந்தார்கள். முடித்த கட்டங்களை ஊர் மெச்சியது. கடைசிக் கட்டம் முதல் கட்டத்தைத் தொடுகிற இடம் வாசலுக்கு மேலே, நிலைவாசல் வளைவின் உச்சியில். அந்தத் தார்ப்பாயை அவிழ்த்த அன்று நாத்தனார் கீழே இறங்கி, தெருவைக் கடந்து போய் நின்று பார்த்தாள். அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. அதுவே தூறலுக்கு ஏதோ சரியில்லை என்று சொல்லிவிட்டது.

வளைவின் உச்சியில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. இடதுபக்கம் வெளிச்சம், வலதுபக்கம் மங்கல்.

"ஈரம்" என்றாள் தூறல். "காயட்டும்."

காய்ந்தது. கோடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"ஏண்டி, கடைசிக் கட்டத்துல உனக்கு என்ன அவசரம்? பாதியிலயே தூரிகையைக் கீழ வச்சிட்டியா?"

"நானா? பலகையை வச்சுப் பார்த்துத்தானே நிறுத்தினேன்! முதல் கட்டத்துல நீங்கதான் புது மருமகளாட்டம் தேய் தேய்னு தேய்ச்சிருப்பீங்க."

"நான் தேய்க்கிறவளா? என்னைப் பார்த்தா சொல்ற?"

"பின்ன, கல்லு தானாவா வெளுத்துச்சு?"

நாத்தனார் பலகையை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் வைத்தாள். இம்மி பிசகவில்லை. முதல் கட்டத்தில் வைத்தால் பலகை அழுக்காகத் தெரிந்தது. வாசலுக்கு வந்து மாதிரிக் கல்லின் நடுவில் வைத்தார்கள். அதோடும் அச்சாகப் பொருந்தியது. அப்படியானால் நாத்தனார் சொன்னது சரி. முதல் கட்டத்தில் தூறல்தான் எல்லை மீறிவிட்டாள். கல்லின் மேல்தோலை உரித்துவிட்டால் அதைத் திருப்பி ஒட்ட முடியாது. அது தெரிந்துதான் மற்றவர்கள் வேலையைப் பார்த்து அத்தனை நாள் உச்சுக்கொட்டியிருக்கிறாள். மறுநாள் காலை இன்ஜினியர் பார்வையிட வருகிறார்.

வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள். சமையலறை மூலையில் இருந்த தண்ணீர் டிரம்முக்கு ஒரு பலகைதான் மூடி. அதை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்தாள். பையிலிருந்து வழுக்கி வந்த வேலைப் பலகையும் அதே மேடையில் கிடந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க. இந்த மூடி எந்தப் பலகை?"

பெயிண்டர் வந்து பார்த்தான். "இதா? முதல்ல அடிச்சது. ஓரம் பிளந்துடுச்சுன்னு நான்தான் கொண்டுவந்து போட்டேன்."

"அப்ப இது?"

"கடைசியா அடிச்சது."

"ரெண்டும் ஒரே கல்லைப் பார்த்து அடிச்சதுதானே?"

பெயிண்டர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். பழைய பலகை வெளிர். புதுப் பலகை அதைவிட ஒரு சாயல் அழுக்கு. அவன் காது சிவந்தது. "நான் தப்பாக் கலக்கல. சத்தியமா சொல்றேன், அன்னிக்கு கல்லு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் கலந்தேன்."

"அண்ணே, உன் கண்ணு மங்கிடுச்சுன்னா வெட்கப்படாம சொல்லு. கண்ணாடி போட்டுக்கலாம்" என்றாள் நாத்தனார் பின்னாலிருந்து.

"என் கண்ணைப் பத்தி நீ பேசாத! கல்லுதான் மாறியிருக்கு."

"கல்லு எப்படிண்ணே மாறும்? அதுக்கு வயசாகுதா?"

தூறல் இரண்டு பலகைகளையும் எடுத்துக்கொண்டாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டாள். மற்ற இரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். மாதிரிக் கல்லுக்கு முன்னால் போய்க் குனிந்து, மூடிப் பலகையை அதன் மேல்மூலையில் வைத்தாள். பொருந்தியது. புதுப் பலகையை நடுவில் வைத்தாள். அதுவும் பொருந்தியது. யார் கையும் போகாத மூலைகள் கழுவிய அன்றைக்கு இருந்தபடியே இருந்தன. நடுவில் மட்டும் ஊர்க் கைகளின் எண்ணெயும் வியர்வையும் மெல்ல மெல்ல ஏறியிருந்தன. கல் மங்க மங்கப் பலகை மங்கியது. பலகை மங்க மங்க அவர்கள் கொஞ்சம் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தினார்கள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தோடு ஒத்துப்போனது. வட்டம் முழுசாகச் சுற்றி, ஆரம்பமும் முடிவும் முட்டிக்கொண்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"யாரு எல்லாரையும் தொடச் சொன்னது?" என்று பெயிண்டர் கேட்டான், காற்றைப் பார்த்து.

"போதும்ங்க. தெரியுது."

அவள் முகம் விழுந்துபோனது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியும் இருந்தது. முதல் கட்டத்தை அவள் கெடுக்கவில்லை. கழுவாமல் விட்டதைக் கழுவிக்கொள்ளலாம். கழுவிக் கெடுத்ததைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

நாத்தனாருக்கு வேறு யோசனை. "அண்ணி, வளைவுக்கு மேல நூலகத்தோட பெயர்ப்பலகை வரப்போகுதுல்ல? அதைக் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொன்னா கோடு அதுக்கடியில போயிடும். இன்ஜினியர் அம்மா காலையில வந்து பார்த்தாங்கன்னா நீதிமன்றம் போச்சு. நாளைக்கு ஒரு நாள் மறைச்சா போதும்."

"பெயர்ப்பலகை பின்னாடி வச்சா, அது எனக்குத் தெரியாம போயிடுமா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா என்ன? நீங்களா கையெழுத்துப் போடப் போறீங்க?"

"தினமும் எதிர்ல நீதிமன்றத்து மேல ஏறி நிப்பேன்டி. அங்கேருந்து நேரா தெரியறது இதுதான். என்னால வேலை பண்ண முடியாது."

காலையில் இன்ஜினியர் வருவதற்கு முன்பே தூறல் இரண்டு பலகைகளோடு வாசலில் நின்றாள். அவர் வண்டியை விட்டு இறங்கியதும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டாள். மூடி வைக்கச் சொன்னது, தான் மூடாதது, தொடச் சொன்னது, பலகை, கோடு, ஒன்றையும் விடவில்லை. இன்ஜினியர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். கட்டடத்தை ஒருமுறை சுற்றி வந்தார். கோட்டின் கீழே வந்து ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் மறுபடி கழுவணுமா?"

"வேண்டாம் மேடம். இது வட்டம். ஒரே சமயத்துல முழுசையும் யாராலயும் பார்க்க முடியாது. பின்பக்கம், பணிமனையைப் பார்த்த சுவர், எப்பவும் நிழல்தான். மங்கல் அங்கேயே இருக்கட்டும். அங்கேருந்து வாசலோட வலதுபக்கம் வரைக்கும் வர்ற கட்டங்களை மட்டும் தொடறேன். ஒவ்வொண்ணும் முந்தினதைவிட ஒரு சாயல் வெளிர். கடைசிக் கட்டம் முதல் கட்டத்தோட சேர்ந்துடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மெதுவா இறங்கும். சாரத்தை மறுபடி நகர்த்தணும், அது என் பாடு."

"சாயலுக்கு எதை வச்சுப் பார்ப்பீங்க? மறுபடியும் அந்தக் கல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "இல்ல மேடம். முதல் கட்டத்தையே பார்த்து அவர் பலகை அடிப்பார். ஒரு பலகை இல்ல, படி வச்ச மாதிரி வரிசையா. பலகை கெட்டா, பலகையைப் பார்த்து அடிக்க மாட்டார். மேல ஏறி, கட்டத்தைப் பார்த்துதான் அடிப்பார்."

இன்ஜினியர் தலையசைத்தார். "செய்யுங்க. கடைசியா பார்வையிட எங்க மேலதிகாரி, பெரியவரும் வருவார். அவர்கிட்ட நடந்ததைச் சொல்லிடுவேன். எந்த இடம்னு மட்டும் சொல்லமாட்டேன். அவர் தேடிக் கண்டுபிடிச்சார்னா நீதிமன்றத்துக்கு வேற ஆள். சரியா?"

"சரி மேடம்" என்றாள் தூறல். நாத்தனார் இடுப்பில் கிள்ளினாள்.

சாரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே சாரத்தைத் திருப்பி நகர்த்தினார்கள். பெயிண்டர் தன் வேலைகளைத் தள்ளிப் போட்டுவிட்டுச் சாரத்தின் மேல் தட்டில் டப்பாக்களைப் பரப்பி உட்கார்ந்தான். ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் தூறலுக்கே சில சமயம் தெரியவில்லை. "இது ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்பாள். "ஒண்ணா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு லாரியே போகும்" என்பான். அவள் தூறலைக் குறைத்துக்கொண்டாள். தூரிகைக்குப் பதில் ஈரக் கடற்பஞ்சு. சிற்பவேலை இருந்த தூண் தலைகளில் களிமண்ணைக் குழைத்துப் பற்றுப் போட்டு, காய்ந்ததும் மெல்ல எடுத்தாள். நாத்தனார் ஒவ்வொரு கட்டத்துக்கும் தெருவுக்கு ஓடி, எதிரே நின்று, கையை ஆட்டிச் சைகை காட்டினாள். போதும். இன்னும். ஐயோ போதும்.

மாதிரிக் கல்லை மரச்சட்டம் போட்டு மூடிவிட்டார்கள். வழக்கமாகத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் சட்டத்தைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

பெரியவர் வந்த அன்று தார்ப்பாய் எதுவும் இல்லை. ஒல்லியான மனிதர், கண்ணாடி, கையில் குடை. இன்ஜினியர் பக்கத்தில் நடந்தார். தூறலும் நாத்தனாரும் பெயிண்டரும் பத்தடி பின்னால். பெரியவர் ஒருமுறை சுற்றினார். எதிர்ப்பக்கமாக இன்னொரு முறை சுற்றினார். வாசலுக்கு வந்தபோது அவர் போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே படியேறி, வளைவின் பக்கச் சுவரில், முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் சேர்கிற இடத்துக்குக் கீழே ஒரு பக்கமாக, உள்ளங்கையை ஊன்றிச் சாய்ந்தார்.

"சார்! கையை எடுங்க!"

தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றது. இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. பெரியவர் சுட்டுக்கொண்டவர் மாதிரி கையை எடுத்தார். போனை அணைத்தார். சுவரைப் பார்த்தார், தூறலைப் பார்த்தார்.

"ஏம்மா, இங்கதானா அது?"

"அதை நீங்கதான் சார் கண்டுபிடிக்கணும்" என்றாள் தூறல். "எங்க இருந்தாலும் கை மட்டும் வைக்கக் கூடாது."

பெரியவர் குடையைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். மூக்கு படுகிற தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். வளைவின் உச்சி வரைக்கும் கண்ணை ஏற்றி இறக்கினார். படியிறங்கித் தெருவைக் கடந்து நின்று பார்த்தார். திரும்பி வந்து, மூன்றாவது முறையாகச் சுற்றக் கிளம்பினார். பணிமனைப் பக்கம் போய் ஒரு தூணைக் காட்டினார்.

"இது. இந்தத் தூணுக்கு இந்தப் பக்கம்."

நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்ல சார்" என்றார் இன்ஜினியர்.

"அப்ப காட்டுங்கம்மா."

தூறல் அவர்களை வாசலுக்கே கூட்டிவந்தாள். அவர் சாய்ந்த இடத்திலிருந்து மேலே, ஒரு விரலைக் கல்லில் படாமல் காற்றில் ஓட்டி வளைவின் உச்சி வரைக்கும் காட்டினாள். பெரியவர் அந்த விரலோடு கூடவே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

"சத்தம் போட்டீங்களே, அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார். "கிட்டப் போய்ப் பார்த்தேன். தெரியல." பிறகு இன்ஜினியரிடம், "நீதிமன்றத்துக்கு எப்ப சாரம் ஏத்தறீங்க?" என்றார்.

பெயிண்டர் மூச்சு விட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தூறல் அதற்குள் தெருவின் அந்தப் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

"எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் பெரியவர்.

"அது வட்டம் இல்ல சார், நாலு மூலை இருக்கு" என்றாள் அவள். "எந்த மூலையில வேணும்னாலும் ஆரம்பிக்கலாம், சேர்ற கோடு மூலைக்குள்ள போயிடும்."